கடந்த ஏழு நாட்களில்

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கமா வாங்க. கீழ கயித்துக் கடை, நார் வாசம் வரும், நாலு நாள்ல பழகிரும். டாக்டரம்மா உங்களுக்கு எல்லாம் சொல்லித்தான் அனுப்பிருப்பாவ. இருந்தாலும் ஒப்படைக்கிறவன் வாயாலயும் ஒருக்கா சொல்லணும்லா. சாயங்காலத்துக்குள்ள சாவியக் குடுத்துட்டுப் போகச் சொல்லிருக்காவ. அதுக்குள்ள சொல்லிருதேன்.

இந்த அலமாரி பூரா ஃபைல். பேரு எதுலயும் இருக்காது, நம்பர்தான். பேரும் நம்பரும் சேந்து இருக்கிற நோட்டு டாக்டரம்மா பீரோல பூட்டிருக்கு. எனக்கு அந்த நோட்டு தேவையில்ல. எந்த நம்பரக் கேட்டாலும் ஆளச் சொல்லுவேன், அவன் வீட்டுக்கு எந்தச் சந்துல திரும்பணும்னு சொல்லுவேன், எந்நேரம் போனா தெளிவா இருப்பான்னும் சொல்லுவேன். இதெல்லாம் பட்டம் படிச்சிட்டு வாறவங்களுக்கு வராது. உங்களச் சொல்லலம்மா, பொதுவாச் சொல்லுதேன்.

நூத்திப் பதினேழு மட்டும் இங்க இல்ல. விசாரணைக்கு எடுத்துட்டுப் போயிட்டாவ. அத வச்சித்தான் என்னைய வெளிய அனுப்புதாவ. பொய்ப் படிவம் எழுதிட்டேனாம். உங்ககிட்டயும் சொல்லிருப்பாவளே. சொல்லலையா? சரி, சொல்லுவாவ. அதுக்கு முன்னால நான் சொல்லிருதேன்.

என் பேரு சுடலைமணி. பதினாறு வருஷம் லாரி ஓட்டுனேன். உப்பு ஏத்திக்கிட்டு இங்கருந்து பெங்களூர் வரைக்கும் போவேன். குடி, அதோட தூங்காம இருக்க ஒரு மாத்திரை, பெறவு தூங்குறதுக்கு ஒரு மாத்திரை. ஒருநாள் கோவில்பட்டி தாண்டி வண்டிய ரோட்டோரமா நிறுத்திட்டு ஸ்டியரிங்லயே விழுந்துட்டேன். ஆஸ்பத்திரில பன்னெண்டு நாள். அதோட விட்டேன். பதினோரு வருஷம் ஆச்சி. அதனாலதான் இந்த வேலைக்கு என்னைய எடுத்தாவ. அந்த வழில போயிட்டுத் திரும்புன ஆளு சொன்னாத்தான் அவனுங்க கேப்பானுங்கன்னு டாக்டர் பிருந்தாம்மாவே சொன்னாவ. அன்னைக்கு என் அனுபவம் வேண்டியிருந்துச்சி.

ஆராய்ச்சி என்னன்னு உங்களுக்குத் தெரியும். குடி மட்டும்னா ஒரு வைத்தியம் இருக்கு, மாத்திரை மட்டும்னா ஒண்ணு இருக்கு. ரெண்டையும் மூணையும் சேத்துப் போடுறவன் உடம்புக்குள்ள என்ன நடக்கு, அவனுக்கு எந்த வைத்தியம் பிடிக்கும், இதான் கேள்வி. ஏ குரூப்புக்கு ஆறு மாசம் முழு வைத்தியம். மருந்து, வாரம் ரெண்டு தடவ கவுன்சலிங், வீட்டு ஆளுங்களுக்கும் சேத்து. பி குரூப்புக்கு ஒரு புத்தகம், மாசம் ஒருக்கா நம்ம போய் கேள்வி கேட்டு எழுதிட்டு வரணும். தேவைப்பட்டா பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு. யாரு ஏ, யாரு பின்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு ஒட்டுன கவர்ல அனுப்பிரும். டாக்டரம்மா நெனச்சாலும் மாத்த முடியாது. அப்பத்தான் நியாயமாம்.

மாசம் எட்டு ஆளு நான் சேக்கணும். சேத்துருவேன். ரெண்டு மாசம் மட்டும் கொறஞ்சிருக்கும். அதுக்கும் இப்பச் சொல்லப் போறதுக்கும் சம்பந்தம் இல்ல, கேட்டுக்கிடுங்க.

நூத்திப் பதினேழு, தஸ்நேவிஸ். விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். நல்ல கைக்காரன். எஞ்சின் ஓடுற சத்தத்த வச்சே எந்த வால்வுன்னு சொல்லுவான். நாலு வருஷத்துக்கு முன்னால எஞ்சினத் தூக்கும்போது சங்கிலி நழுவி இடுப்புல அடி. வலிக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாவ. வலி போன பெறவும் மாத்திரை போகல. குடி ஏற்கெனவே உண்டு. ரெண்டும் சேந்துது. எங்களுக்கெல்லாம் இப்படித்தான், ஒண்ணு இன்னொண்ணக் கூட்டிட்டு வரும்.

போன வருஷம் அவன் மவளுக்குப் புதுநன்மை, சாமியார் கையால மொத தடவையா அப்பம் வாங்குற நாளு. வெள்ளக் கவுன் போட்டு புள்ள கோயில்ல வரிசைல நிக்கி. இவன் பெஞ்சிலருந்து சரிஞ்சி கீழ விழுந்துட்டான். வாயில எச்சி ஒழுகுது. புள்ள வரிசைய விட்டு ஓடிவந்து அந்தக் கவுனாலயே வாயத் தொடச்சிருக்கா. அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டான். யாரு சொல்லியும் இல்ல, அவனா நிறுத்தினான். எப்பேர்ப்பட்ட காரியம்னு உங்களுக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியும். உடம்பு நடுங்கும், எலும்புக்குள்ள எறும்பு ஊரும். அந்த நடுக்கத்தோட எஞ்சின் ரூமுக்குள்ள எறங்கி வேல பாத்துருக்கான்.

ஆனா குடி நிக்கல. மாத்திரை இருந்த எடத்தையும் குடிதான் ரொப்புச்சி. அவன் பொண்டாட்டி அமலோற்பவம் இங்க கூட்டிட்டு வந்தா. இதே எடத்துலதான் உக்காந்திருந்தா. "அண்ணே, ஒண்ண அவரே விட்டுட்டாரு. இன்னொண்ண விட நீங்க ஒரு கை குடுத்தாப் போதும்." பெரியாஸ்பத்திரிக்கு மூணு தடவ போயிட்டாங்களாம். ஒவ்வொரு தடவையும் வரிசைல நின்னு, சத்து மாத்திரை வாங்கிட்டு, திரும்பிருக்காங்க.

நான் டாக்டரம்மாகிட்டப் போய் கேட்டேன். கேக்காம இல்ல. அவங்க ஃபைல மூடி வச்சிட்டு நிதானமாத்தான் சொன்னாவ. "சுடலை, அவர் மாத்திரைய விட்டது ரொம்பப் பெரிய விஷயம். ஆனா கடைசி முப்பது நாள்ல ரெண்டு பொருளாவது எடுத்திருக்கணும். யூரின் டெஸ்ட்லயும் தெரியணும். இவர் இந்த ஆய்வுக்குள்ள வர மாட்டார்." குடி வார்டுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாவ.

பாருங்கம்மா. ரெண்டும் போட்டா உள்ள வா. ஒண்ண விட்டுட்டியா, வெளிய போ. எந்த ஊரு நியாயம் இது? நான் டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். எல்லா ஆய்வுக்கும் ஒரு வரம்பு உண்டுன்னாவ.

சீட்டக் கொண்டுபோய் நான்தான் குடுத்தேன். ஐஸ் கம்பெனி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான், கையெல்லாம் கிரீஸ். விசயத்தச் சொன்னேன். ஏன் சேக்க முடியாதுன்னு சொன்னேன். விதி என்னன்னு தெரிஞ்சிக்கிட அவனுக்கு உரிமை இருக்குல்லா? அதச் சொல்லுறது என் வேல. கையத் தொடச்சான். பெறவு கேட்டான்.

"ஒரு தடவ போட்டாக் காட்டுமா அண்ணாச்சி?"

"காட்டும்"னேன்.

அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வார்த்த நான் சொல்லல. போடுன்னு சொன்னேனா? இல்ல. காட்டுமான்னு கேட்டான், காட்டும்னேன். அது அறிவியல். உங்ககிட்டக் கேட்டா நீங்களும் அதத்தான் சொல்லணும்.

எத்தன நாளைக்குக் காட்டும்னு கேட்டான். ரெண்டு மூணு நாள்னேன். டெஸ்ட்டு வியாழக்கிழமைதான் எடுப்பாங்கன்னும் சொன்னேன். அது எல்லாருக்கும் சொல்றது. இந்தா செவுத்துல ஒட்டிருக்கு பாருங்க, வியாழக்கிழமைன்னு.

அந்த வியாழன் மாசத்துல கடைசி வியாழன். எனக்கு ஏழு ஆளு ஆகியிருந்துச்சி.

வந்தான். சட்டை மாத்தி, தல சீவி, பொண்டாட்டியோட வந்தான். அவளுக்கு எதுவும் தெரியாது. டெஸ்ட்டுல காட்டுச்சி. டாக்டரம்மா என்னையத் திரும்பிப் பாத்தாவ. விட்டுட்டார்னு சொன்னீங்களேன்னு கேட்டாவ. திரும்ப ஆரம்பிச்சிட்டான் போலன்னேன். அது பொய்யா? ஆரம்பிச்சிருந்தான்லா? அமலோற்பவம் அவன் மூஞ்சையே பாத்துக்கிட்டிருந்தா. அவன் தரையப் பாத்துக்கிட்டிருந்தான். நல்ல காரியத்துக்காகத்தான் போட்டான்னு அவகிட்ட சொல்லவும் முடியாது, டாக்டரம்மா எதுத்தாப்புல இருக்காவ. பரவால்ல, வைத்தியம் ஆரம்பிச்சா எல்லாம் சரியாயிரும்னு நான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டான். கவரப் பிரிச்சாவ. பி.

டாக்டரம்மா புத்தகத்த எடுத்து ரெண்டு கையாலயும் குடுத்தாவ. இருபது பக்கம், மொத அட்டைல சூரியன் உதிக்கிற படம். ஆறு மாசம் கழிச்சி உங்களுக்கும் வைத்தியம் உண்டு, அதுவரைக்கும் மாசம் ஒருக்கா சுடலைமணி வருவாருன்னாவ. படி எறங்கும்போது எங்கிட்டக் கேட்டான், கண்ணாடி கொண்டுவரல, இதுல என்ன எழுதிருக்குன்னு. ரெண்டையும் சேத்துப் போட்டா தூக்கத்துலயே மூச்சு நின்னுரும்னு எழுதிருக்குன்னேன். "இதுக்காடா போட்டேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். எனக்குக் கேக்கணும்னு சொல்லல. கேட்டுச்சி.

வீட்டுக்குப் போய் சும்மா இருந்திருக்கலாம்லா? ஒரு மாத்திரைதான? அதுக்கு முன்னால ரெண்டு மாசம் போடாம இருந்தவந்தான? ஆனா எங்க உடம்பு அப்படி இல்லம்மா. ஒருக்கா வாசல் தொறந்தா அது ஆளப் பிடிச்சி உள்ள இழுத்துரும். எனக்கு இது தெரியாதான்னு நீங்க கேக்கலாம். தெரியும். இருந்தாலும் அவன் கெட்டி ஆளுன்னு நெனச்சேன்.

மொத மாசம் போய் கேட்டேன். மாத்திரை வாரத்துக்கு ரெண்டு நாள். ரெண்டாம் மாசம் நாலு நாள். மூணாம் மாசம் தெனமும், அதுக்கு மேல குடியும். நான் ஒண்ணயும் மறைக்கல. அவன் சொன்னத அப்படியே எழுதினேன், ஒரு எழுத்து கூட்டிக் கொறைக்கல. டாக்டரம்மாகிட்ட வாயாலயும் சொன்னேன். பெரியாஸ்பத்திரிக்கு இன்னொரு சீட்டு குடுங்கன்னாவ. குடுத்தேன். பழைய சீட்டோட சேத்து அதையும் சட்டைப் பையில வச்சிக்கிட்டான். நம்ம மொற வாறதுக்கு இன்னும் மூணு மாசந்தான அண்ணாச்சின்னான். பல்லுல ரத்தக் கறை. எளச்சிட்டான். ஆனா வைத்தியம் வருதுன்னு நம்பிட்டிருந்தான் பாத்துக்கிடுங்க. நாள எண்ணிக்கிட்டிருந்தான்.

மாத்திரை அவனுக்கு எங்க கெடச்சிதுன்னு கேக்கீங்களா? அவனுக்கு வித்துக்கிட்டிருந்த பழைய ஆளு ஜெயிலுக்குப் போயிட்டான். ஐஸ் கம்பெனி வாசல்ல வச்சி எங்கிட்டக் கேட்டான், இப்ப யாருன்னு. சொன்னேன். அது ஊருக்கே தெரிஞ்ச கதை. நான் சொல்லலன்னா பத்து நிமிசத்துல வேற எவன்கிட்டயும் கேட்டிருப்பான். களப்பணிக்குன்னு நம்ம வரஞ்ச மேப்புலயே அந்த எடத்துக்குச் செவப்புப் புள்ளி வச்சிருக்கோம்.

செத்தது ஒரு செவ்வாக்கிழம, பட்டப் பகல்ல. கடலுக்குப் போகாம கட்டிக் கெடந்த படகுல எஞ்சின் வேல. பத்து மணிக்கு வேலய முடிச்சிட்டு மேல வந்து சாஞ்சிருக்கான். கொறட்ட விட்டிருக்கான். அந்தக் கொறட்ட நல்ல கொறட்ட இல்லம்மா, மூச்சு அடைக்கிற சத்தம். நம்ம புத்தகத்துல ஒம்பதாம் பக்கத்துல போட்டிருக்கு. படகுக்காரனுங்களுக்கு அது எப்படித் தெரியும்? பாவம், அசந்து தூங்குதான்னு வெயிலு படாம தார்ப்பாயக் கட்டி விட்டிருக்கானுங்க. நல்ல மனசோடதான் கட்டுனானுங்க. மத்தியானம் அமலோற்பவம் சோறு கொண்டுட்டு வந்து எழுப்பிருக்கா.

அடக்கத்துக்கு நான் போகல. முடியல. அன்னைக்கு எனக்குக் காய்ச்ச. ஆபீசுக்கும் சொல்லல. சொல்லிருக்கணும், ஒத்துக்கிடுதேன். ஒரு நாள்ல சொல்லணும்னு விதி. இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு தள்ளிக்கிட்டே போச்சி. பத்து நாள் ஆயிருச்சி. அன்னைக்கு அவனோட நாலாம் மாசக் கெடு. படிவம் மேசைல இருக்கு, நம்பர் போட்டு. மேலாபீஸ்ல இருந்து போன் வருது, யாரும் விட்டுப் போகாமப் பாத்துக்கிடுங்க, விட்டுப் போனா ஆய்வுக்குக் கேடுன்னு.

எழுதினேன்.

கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும். கடந்த ஏழு நாட்களில் மது அருந்தினீர்களா? இல்லைன்னு போட்டேன். கடந்த ஏழு நாட்களில் மாத்திரை எடுத்தீர்களா? இல்லை. இரண்டையும் ஒன்றாக எடுத்தீர்களா? இல்லை. உடல் வலி? இல்லை. குடும்பத்தில் சண்டை சச்சரவு? இல்லை. தூக்கம்? நன்றாக.

இதுல எது பொய்யின்னு சொல்லுங்க. அவன் செத்துப் பத்து நாளாச்சி. ஏழு நாள்தான கேட்டிருக்கு? நான் விசாரணைல இதச் சொன்னேன். மேலருந்து வந்த அந்தச் சார் பேனாவ கீழ வச்சிட்டாரு. டாக்டரம்மா ஜன்னலப் பாத்தாவ.

அடியில கையெழுத்துன்னு ஒண்ணு இருக்கு. அதையும் நான்தான் போட்டேன். அது தப்பு. அந்த ஒரு தப்ப மட்டும் ஒத்துக்கிடுதேன்.

எப்படித் தெரிஞ்சிதுன்னா, பத்துல ஒருத்தருக்கு மேலருந்து போன் போட்டுச் சரி பாப்பாங்க. அமலோற்பவம் எடுத்திருக்கா. உங்க கணவர் மதுவும் மாத்திரையும் விட்டுட்டதாப் பதிவாகியிருக்கு, வாழ்த்துக்கள், அவர்கிட்ட ரெண்டு நிமிசம் பேசலாமான்னு ஒரு பொண்ணு கேட்டிருக்கு. அவ போனக் காதுலயே வச்சிக்கிட்டு நின்னாளாம். அடுத்த வீட்டுக்காரி வாங்கி விசயத்தச் சொல்லிருக்கா.

விசாரணை ரெண்டு நாள் நடந்துச்சி. என்னென்ன கேட்டாங்க தெரியுமா? எந்தத் தேதில எழுதினீங்க. எந்தப் பேனா. இதுக்கு முன்ன வேற படிவம் இப்படி எழுதிருக்கீங்களா. மொத்தம் அம்பத்திரெண்டு கேள்வி, நான் எண்ணினேன். அவன் எதுக்குத் திரும்ப மாத்திரை போட்டான்னு ஒருத்தர் கேக்கல. கேட்டாச் சொல்லிருப்பேன். கேக்காததுக்கு நான் எப்படிப் பதில் சொல்ல? ஆய்வு ஒழுங்கா நடக்கான்னு பாக்குற கமிட்டிக்கு அறிக்க போச்சி. நான்தான் தட்டச்சுக்குக் கொண்டுபோனேன், அதனால தெரியும். பங்கேற்பாளர் நூத்திப் பதினேழு, மரணம், ஆய்வுக்குத் தொடர்பில்லாதது. அப்படித்தான் இருக்கு. டாக்டரம்மா அதுல கையெழுத்துப் போடும்போது அழுதாவ. நல்ல மனுசி. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதவங்க அழலாம், பாரம் கொறையும்.

என்னைய ஒருத்தர் கேக்கல, உனக்கு எப்படி இருக்குன்னு. பதினோரு வருஷமா ஒரு சொட்டு தொடாதவன். இந்த ஒரு மாசமா எந்தக் கடையத் தாண்டினாலும் ரோட்ட மாறித்தான் நடக்கேன். அத எந்தப் படிவத்துல எழுத?

சரி, நேரமாச்சி. சாவி மூணு. பெருசு அலமாரிக்கு. சின்னது ரெண்டும் மேசைக்கு, ஒண்ணு சரியாத் திரும்பாது, தூக்கிப் பிடிச்சித் திருப்பணும்.

அப்புறம் ஒரு விசயம். அடுத்த வாரம் உங்கள அமலோற்பவம் வீட்டுக்கு அனுப்புவாங்க. இறந்தவங்க குடும்பத்துக்கிட்ட ஒரு முடிவுப் படிவம் வாங்கணும். திரேஸ்புரத்துல எறங்கி யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. மவ இருந்தா கொஞ்சம் பொறுத்து, அவ ஸ்கூலுக்குப் போன பெறவு கேளுங்க. மூணாம் பக்கத்துல ஒரு கேள்வி வரும், ஆய்வில் சேரும் முன் பங்கேற்பாளரின் பழக்கம் எப்படி இருந்ததுன்னு. அமலோற்பவம் உள்ள போய் காலண்டர எடுத்துட்டு வருவா. மாதா படம் போட்ட காலண்டர். மாத்திரை போடாத ஒவ்வொரு நாளைக்கும் சின்னதா ஒரு செலுவ போட்டு வச்சிருக்கா. அடக்கம் முடிஞ்சி நாப்பதாம் நாள் பூசைக்குப் போனப்ப எங்கிட்டக் காட்டினா. காட்டிட்டு, நான் பாத்தனான்னு என் மூஞ்சப் பாத்துட்டு, திரும்பக் கொண்டுபோய் ஆணியில மாட்டிட்டா. ரெண்டு மாசம் வரிசையா இருக்கு. ஒரு புதங்கிழமையோட நிக்குது.

அத உங்கள எழுதச் சொல்லுவா. எழுதாதீங்கம்மா. பொம்பளங்க காலண்டர்ல போடுறதெல்லாம் ஆராய்ச்சிக்குச் செல்லாது, டாக்டரம்மாவக் கேட்டாலும் அதான் சொல்லுவாவ. உங்களுக்கும் வீண் சோலி. புதுசா வந்திருக்கீங்க. அந்தக் கேள்விக்குக் கீழ மூணு கட்டம் இருக்கும். கடைசிக் கட்டம், தகவல் இல்லை. அதுல ஒரு டிக் போட்டுருங்க.

என்னம்மா, என்ன எழுதிக்கிட்டிருக்கீங்க? நான் சும்மா பேசினதத்தான? எதுக்கு அது?